மொதல்ல பிள்ளை எழுதட்டும், ஏஐ அப்புறம் வரட்டும்

கேள்வி:

மேடம் வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு எய்டட் ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் பிடி அசிஸ்டன்ட்டா இருக்கேன், சர்வீஸ் 6 வருஷம். 9ஆம் வகுப்புல 42 பிள்ளைங்க, எல்லாம் தமிழ் மீடியம். போன மாசம் 'மை வில்லேஜ்'னு ஒரு பாரகிராஃப் ஹோம்வர்க் குடுத்தேன். 17 நோட்டுல கிட்டத்தட்ட ஒரே வரி, எங்க ஊர்ல இல்லாத ஆறு ஓடுது, இல்லாத மலை நிக்குது, எல்லாம் வீட்டு போன்ல ஏஐகிட்ட கேட்டு எழுதினது. அந்தக் கோவத்துல, நல்லா எழுதியிருந்த இன்னொரு பையனோடதையும் டைப் பண்ணி, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிச்சு சொல்ற டிடெக்டர் சைட் ஒண்ணுல போட்டேன், 92 சதவீதம் ஏஐன்னு வந்துச்சு, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். அவங்க வீட்டுல ஸ்மார்ட்போனே கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னையில இருந்து அவன் வாயே திறக்கறதில்ல. இதுக்கு நடுவுல ஆபீசர் விசிட் வருது, ஏஐ வெச்சு ஒரு டெமோ கிளாஸ் எடுங்கன்னு ஹெச்எம் சொல்றாங்க. தடை பண்றதா, யூஸ் பண்றதா? இன்னொண்ணும் சொல்லணும் மேடம், நானே என் கொஸ்டின் பேப்பரை சாட்ஜிபிடில போட்டு இங்கிலீஷ் சரியான்னு பாத்துக்கறேன். அப்படி இருக்கும்போது பிள்ளைங்களை திட்ட எனக்கு என்ன தகுதின்னு ராத்திரி தூக்கம் வரல. பேர் போட வேண்டாம்.

பதில்:

டீச்சர்மா, வணக்கம். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். தடையா யூஸான்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தப் பையன் விஷயம், ஏன்னா மத்தது எல்லாம் அடுத்த வாரம்கூட பண்ணிக்கலாம், இது நாளைக்கே பண்ணணும். எந்தக் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் திட்டினீங்களோ அதே கிளாஸ்ல, அதே மாதிரி எல்லார் முன்னாடியும், "நான் தப்பா நெனச்சுட்டேன்ப்பா, அது நீயா எழுதினதுதான், நல்லா எழுதியிருந்தே"ன்னு சொல்லிடுங்க. ஸ்டாஃப் ரூமுக்கு தனியா கூப்பிட்டு சொன்னா பத்தாது, திட்டு வாங்கினது மீதி 41 பேருக்கும் தெரியும்போது மன்னிப்பு மட்டும் அவன் ஒருத்தன் காதுல விழுந்தா அது அவனுக்கு ஆறாது. டீச்சர் மன்னிப்பு கேட்டா மரியாதை போயிடும்னு நம்ம ஸ்கூல்கள்ல ஒரு பயம் இருக்கு. என் 31 வருஷ சர்வீஸ்ல நான் மூணு தடவை கிளாஸ் முன்னாடி நின்னு கேட்டிருக்கேன், மூணு தடவையும் அந்தப் பிள்ளைங்க அதுக்கப்புறம் என்கிட்ட இன்னும் ஒட்டிக்கிட்டாங்க.

அந்த டிடெக்டர் ஏன் அவனைப் போய் பிடிச்சுதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும், ஏன்னா நாளைக்கு இன்னொரு பிள்ளை மேலயும் இதே நடக்கும். அந்த மாதிரி சைட் எல்லாம் ஏஐயோட கைரேகையை எல்லாம் பாக்கறதில்ல, ஒரு வார்த்தைக்கு அப்புறம் அடுத்த வார்த்தை எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுதுன்னுதான் பெரும்பாலும் பாக்குது. ஊகிக்க முடிஞ்சா மெஷின், முடியலன்னா மனுஷன். இப்ப யோசிச்சுப் பாருங்க, நம்ம பிள்ளைங்களுக்கு தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை எத்தனை, டெக்ஸ்ட்புக்ல வந்தது, நாம போர்டுல எழுதிப் போட்டது, அவ்வளவுதான், அந்தக் கொஞ்ச வார்த்தையை வெச்சு தப்பில்லாம ஒழுங்கா எழுதற பிள்ளையோட வரி எப்பவும் ஊகிக்கக்கூடிய வரியாத்தான் இருக்கும். நல்லா படிச்சு கவனமா எழுதறவன்தான் மாட்டுவான். 2023ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க இதை சோதிச்சுப் பாத்தாங்க, 7 டிடெக்டர், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க டோஃபல்ங்கற இங்கிலீஷ் திறமை எக்ஸாமுக்கு எழுதின 91 கட்டுரை. எல்லாமே மனுஷங்க எழுதினது, ஆனா சராசரியா 61 சதவீதத்தை ஏஐன்னு சொல்லிடுச்சு. அதே டிடெக்டருங்க அமெரிக்காவுல 8ஆம் வகுப்பு பிள்ளைங்க எழுதினதை கிட்டத்தட்ட முழுசா சரியா சொன்னுச்சு. சாட்ஜிபிடி பண்ண ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டாங்க, அது ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தைத்தான் ஒழுங்கா பிடிச்சுது, மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்தை தப்பா பிடிச்சுது, துல்லியம் இல்லன்னு அதே வருஷம் ஜூலைல அவங்களே எடுத்துட்டாங்க. அதனால அந்த சைட்டை இனிமே தொடவே தொடாதீங்க. சந்தேகம் வந்தா பிள்ளையை பக்கத்துல உக்கார வெச்சு "இந்த வரில என்ன சொல்ல வந்தே, தமிழ்லயே சொல்லு"ன்னு கேளுங்க. எழுதின பிள்ளை கடகடன்னு சொல்லும், எழுதாத பிள்ளை நோட்டையே பாத்துக்கிட்டு நிக்கும், ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். அப்பவும் திட்டறதுக்காக கேக்காதீங்க.

இப்ப அந்த 17 நோட்டு. கோவம் வந்தது நியாயம்தான், ஆனா ஒண்ணு நினைச்சுப் பாருங்கம்மா, ஏஐ வர்றதுக்கு முன்னாடி இதே ஹோம்வர்க் குடுத்திருந்தா என்ன வந்திருக்கும்? கைடுல இருக்கற 'மை வில்லேஜ்' வந்திருக்கும். 17 இல்ல, 35 நோட்டுல வந்திருக்கும். நான் பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்தின வருஷங்கள்ல ஒரு கட்டுல இருக்கற அத்தனை பேப்பர்லயும் ஒரே பாரகிராஃப், கமா கூட மாறாம, ஒரு பிரிண்டிங் மிஸ்டேக் இருந்தா அதுவும் அப்படியே எல்லா பேப்பர்லயும் வரும். அதுக்கு நாம முழு மார்க் போட்டோம். பிள்ளை சொந்தமா எழுதறதுங்கறது நம்ம இங்கிலீஷ் கிளாஸ்ல ரொம்ப காலமாவே நடக்கல, சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்து அதை நமக்கு வெளிச்சம் போட்டு காட்டியிருக்கு, அவ்வளவுதான். இதை உங்க மேல குத்தமா சொல்லல, 42 பிள்ளைங்க, பாஸ் பர்சன்டேஜ் கேள்வி, மெட்டீரியல் குடுத்து மனப்பாடம் பண்ண வெக்கற நெருக்கடி எனக்கு நல்லா தெரியும், நானும் அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன், பல வருஷம்.

அதனால தடைங்கறது வேலைக்கு ஆகாது. வீட்டுல அண்ணன் போன், பக்கத்து வீட்டு அக்கா போன், எதை தடுப்பீங்க. ஆனா "சரி, எல்லாரும் யூஸ் பண்ணுங்க"ன்னு கதவைத் திறந்து விடறதும் கூடாது, அதுக்கு காரணம் சொல்றேன், பயமுறுத்த இல்ல. துருக்கில 2023ல கிட்டத்தட்ட 1000 ஹைஸ்கூல் பிள்ளைங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. மேத்ஸ் பாடம்தான், ஆனா நமக்கும் பொருந்தும். ஒரு குரூப்புக்கு சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒண்ணு குடுத்தாங்க, கேட்டா விடை சொல்லிடும். பிராக்டிஸ் பண்ணும்போது அவங்க மார்க் 48 சதவீதம் ஏறுச்சு. அப்புறம் அதை பிடுங்கிட்டு பரீட்சை வெச்சா, ஏஐயே பாக்காத பிள்ளைங்களை விட 17 சதவீதம் கம்மியா வாங்கினாங்க. இன்னொரு குரூப்புக்கு டீச்சருங்க சேந்து வடிவமைச்சு குடுத்த ஏஐ, அது விடையை சொல்லாது, குறிப்பு மட்டும் குடுக்கும், அந்த குரூப்புக்கு இந்த இறக்கம் பெரும்பாலும் வரல. என்னை ரொம்ப யோசிக்க வெச்சது என்னன்னா, அந்த மொத குரூப் பிள்ளைங்களுக்கு தாங்க பின்தங்கிட்டோம்னே தெரியல, நல்லாத்தான் படிச்சோம்னு நம்பிட்டு இருந்திருக்காங்க. பப்ளிக் எக்ஸாம் ஹால்ல போன் கிடையாது, நாளைக்கு இன்டர்வியூல நாலு பேர் எதிர்ல உக்காரும்போதும் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. நைஜீரியாவுல எடோ மாநிலத்துல, பெனின் சிட்டி ஊர்ல, 2024ல உலக வங்கி ஆளுங்க ஒண்ணு பண்ணாங்க, அது நம்ம பாடமேதான், இங்கிலீஷ். ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் வாரத்துக்கு 2 நாள், 6 வாரம், கம்ப்யூட்டர்ல சாட்ஜிபிடி மாதிரி மைக்ரோசாஃப்ட் கோபைலட்னு ஒரு ஏஐ, பிள்ளைங்க ஜோடி ஜோடியா உக்காந்து பண்ணாங்க, டீச்சர் கூடவே நின்னு இன்னைக்கு என்ன தலைப்பு, என்ன கேக்கணும்னு வழி காட்டினாங்க. அந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ்ல நல்லா முன்னேறினாங்க, அதிக நாள் வந்த பிள்ளைக்கு அதிக முன்னேற்றம். பணக்கார ஊர் இல்ல, பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு இல்ல. ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்கன்னா மெஷினைத் தாண்டி டீச்சர் எங்க நிக்கறாங்கங்கறதுலதான் வித்தியாசம் தெரியுது. உங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு இருந்தா அது, இல்லன்னா உங்க ஒரு போன், அது போதும்.

என்ன பண்ணலாம்னா, எழுதற வேலையை வீட்டுல இருந்து கிளாஸுக்கு கொண்டு வாங்க. வாரத்துல ஒரு பீரியட், மொத 15 நிமிஷம், பேனா, பேப்பர், 6 வரி போதும். தலைப்பை அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா குடுங்க. 'மை வில்லேஜ்'னு குடுத்தா எந்த மெஷினும் எழுதிடும், கைடும் எழுதிடும். "உங்க தெருவுல தண்ணி எத்தனை மணிக்கு வரும், யார் மொதல்ல குடம் வெப்பாங்க, சண்டை வருமா"ன்னு குடுத்தா அவன்தான் எழுதணும். உங்க பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு போற அம்மாக்கள் இருப்பாங்க, அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் மொதல்ல என்ன செய்வாங்கன்னு 6 வரி. இங்கிலீஷ் வார்த்தை தெரியலன்னா அந்த இடத்துல தமிழ் வார்த்தையையே போடச் சொல்லுங்க, குடம், திரி, பரவாயில்ல, பேனா நிக்கக்கூடாது, அதுதான் முக்கியம். வார்த்தை தெரியாம நிக்கற பிள்ளைதான் வீட்டுக்குப் போய் போனைத் தேடுது.

எழுதி முடிச்சதுக்கு அப்புறம் ஏஐ வரட்டும். அப்பவும் "இதை கரெக்ட் பண்ணு"ன்னு கேட்டா முழு பாராவையும் அழகா மாத்தி எழுதி குடுத்துடும், பிள்ளை அதை பாத்து காப்பி அடிக்கும், மறுபடி பழைய கதைதான். நான் இப்படி கேப்பேன், தமிழ்லயே கேக்கலாம், புரிஞ்சுக்குது: "நீ 9ஆம் வகுப்பு தமிழ் மீடியம் பிள்ளைக்கு உதவி பண்ற டீச்சர். இந்தப் பாராவை திருத்தி எழுதாதே. எந்த வரில தப்பு இருக்குன்னு வரி நம்பர் மட்டும் சொல்லு, அதிகபட்சம் 3. என்ன தப்புன்னு சொல்லாதே, ஒரு சின்ன குறிப்பு மட்டும் தமிழ்ல குடு." இப்படி கட்டிப் போட்டாத்தான் அது அடங்கும், அப்பவும் சில நேரம் மீறி விடையை சொல்லிடும், அதனால போர்டுல காட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.

இந்த இடத்துல உங்களுக்கு தெரிஞ்சது அந்த மெஷினுக்கு தெரியாததுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். நம்ம பிள்ளை "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்"னு எழுதும். மெஷின் அந்த 'வில்'லை எடுத்துட்டு சரி பண்ணிடும். ஏன் அந்தப் பிள்ளை 'வில்' போட்டுச்சு? தமிழ்ல "தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்"னு சொல்றோம், "நாளைக்கு அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்"னும் சொல்றோம், நமக்கு பழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே வினை, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வேற வேற. இதை ஒரு தடவை ரெண்டு வரியா போர்டுல எழுதிக் காட்டினா அந்தக் கிளாஸ்ல பாதி பேருக்கு பல்பு எரியும், அஞ்சு வருஷமா போட்டுட்டு இருந்த 'வில்' குறைய ஆரம்பிக்கும். அதே மாதிரி "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", நமக்கு 'இருக்காங்க'ன்னு ஒரே வார்த்தை, இருக்கறதும் வெச்சிருக்கறதும் அதுலயே வந்துடும். 'எ', 'தி' விட்டுப் போறது சோம்பேறித்தனம் இல்ல, தமிழ்ல அந்த உறுப்பே தனியா கிடையாது. 'எத்தனையாவது'ங்கறதை இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையா கேக்க முடியாது, "நீ உங்க வீட்டுல எத்தனையாவது பிள்ளை"ன்னு கேக்க பிள்ளை திணறினா அது பிள்ளையோட குறை இல்லன்னு சொல்லணும். நாமும் நாங்களும் ரெண்டுமே 'வி' ஆயிடுது. நல்லா கேட்டா ஏஐயும் இதை எல்லாம் ஓரளவுக்கு விளக்கும். ஆனா எந்தப் பிள்ளைக்கு எது சிக்குதுன்னு முகத்தைப் பாத்து கண்டுபிடிச்சு, அதுக்கு தமிழ்ல இருந்து ஒரு வாசல் திறந்து விடறது நீங்க. தமிழ் தெரிஞ்ச இங்கிலீஷ் டீச்சருங்கறது நம்மளோட பெரிய பலம்மா, நாம அதை வெக்கப்படற விஷயமா ஆக்கி வெச்சிருக்கோம், இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் பேசினா ஃபைன் போடற ஸ்கூல்கள் இன்னும் இருக்கறது எனக்கு மனசு வலிக்குது.

சரி, ஹெச்எம் கேட்ட டெமோ கிளாஸ். ரோபோ மாதிரி பேச வெச்சு வேடிக்கை காட்டற கிளாஸ் வேண்டாம், ஆபீசர் கை தட்டிட்டு போயிடுவாங்க, பிள்ளைக்கு ஒண்ணும் ஒட்டாது. தப்பு கண்டுபிடிக்கற கிளாஸ் எடுங்க. வாக்கியத்துல இருக்கற தப்பை கண்டுபிடிச்சு திருத்தறது 10ஆம் வகுப்பு பப்ளிக்ல 5 மார்க் கேள்வியா வருதே, அதுக்கும் இது நேரா உதவும், ஹெச்எம்முக்கும் அதை சொல்லிக்கலாம். முந்தின நாள் ராத்திரி ஏஐகிட்ட, "தமிழ் பேசற பிள்ளைங்க வழக்கமா பண்ற தப்பு 5 வெச்சு ஒரு 8 வரி பாரா எழுது, தலைப்பு பஸ் ஸ்டாண்ட், விடையை தனியா குடு"ன்னு கேளுங்க. வந்ததும் அதை நீங்க உக்காந்து திருத்துங்க, இது கண்டிப்பா பண்ணணும், ஏன்னா 5 தப்புன்னு சொல்லிட்டு 4 வெச்சிருக்கும், சில நேரம் தப்பே இல்லாத வரியை தப்புன்னு விடைல போட்டிருக்கும், அமெரிக்கன் ஸ்பெல்லிங் கலந்திருக்கும், நம்ம டெக்ஸ்ட்புக் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். அப்புறம் கிளாஸ்ல ஜோடி ஜோடியா உக்கார வெச்சு, "இது ஒரு மெஷின் எழுதினது, இதுல 5 தப்பு இருக்கு, கண்டுபிடிங்க"ன்னு சொல்லுங்க. மெஷினோட தப்பைத் தேடச் சொன்னா பிள்ளைங்களுக்கு எங்க இருந்துதான் அந்த வேகம் வருதோ, தன் நோட்டுல இருக்கற தப்பை காட்டினா தலை குனியற பிள்ளை எழுந்து நின்னு "மிஸ், மூணாவது வரி"ன்னு கத்தும். கடைசி 5 நிமிஷம் விடை லிஸ்ட்டைக் காட்டி, அந்த லிஸ்ட்லயே எது தப்புன்னு கேளுங்க. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கற நம்பிக்கை அங்கேயே உடையணும், எனக்கு இந்தக் கிளாஸ்ல அந்த 5 நிமிஷம்தான் பெருசு.

பேசறதுக்கும் இது உதவும், ஆனா இன்னைக்கு எல்லாரும் சொல்ற மாதிரி "ஏஐகூட பேசிப் பழகு"ன்னு விட்டுட்டா பத்தாது. வெக்கப்படற பிள்ளைக்கு, யாரும் சிரிக்காத ஒரு காது கிடைக்குதுங்கறது உண்மை. ஆனா அது ரொம்ப பெருந்தன்மையான காது, பிள்ளை எப்படி சொன்னாலும் இடத்தை வெச்சு ஊகிச்சு புரிஞ்சுக்கிட்டு "வெரி குட்"டுன்னு சொல்லிடும், உச்சரிப்பு தப்பு அப்படியே தங்கிடும். அதை விட போன்ல இருக்கற, பேசினா எழுத்தா வர்ற சாதாரண வாய்ஸ் டைப்பிங் எவ்வளவோ தேவல, தனித்தனி வார்த்தையா சொல்ல வெச்சு என்ன டைப் ஆகுதுன்னு பாக்க வெக்கலாம். பையும் பேக், முதுகும் பேக், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், நம்ம எழுத்துல க-வுக்கு ரெண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து, அதனாலதான் பிள்ளை காதுக்கே அந்த வித்தியாசம் கேக்கறதில்ல. பைன்னு சொல்ல நினைச்சு சொல்லி, ஸ்கிரீன்ல முதுகுக்கான ஸ்பெல்லிங் வந்தா அதுவே சிரிச்சுக்கிட்டு மறுபடி சொல்லிப் பாக்கும். சத்தமான கிளாஸ்ல வாய்ஸ் டைப்பிங் சொதப்பும், அதனால ஒரே ஒரு பிள்ளை முன்னாடி வந்து சொல்லட்டும், மத்தவங்க அமைதியா பாக்கட்டும்.

நிஜமா பேச வெக்கணும்னா பிள்ளையும் பிள்ளையும்தான் பேசணும். 1979ல இருந்து 84 வரைக்கும் நம்ம மெட்ராஸ், கடலூர், பெங்களூர் ஸ்கூல்கள்ல இங்கிலீஷ் எப்படி சொல்லிக் குடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்ண என்.எஸ். பிரபு ஒரு புராஜெக்ட் நடத்தினார், உலகம் முழுக்க இங்கிலீஷ் டீச்சிங்ல அதைப் பத்தி இன்னும் படிக்கறாங்க, நம்ம டீச்சருங்களுக்குத்தான் பல பேருக்கு தெரியறதில்ல. கிராமர் பாடமே எடுக்காம, ரயில் டைம்டேபிள், மேப் மாதிரி ஒண்ணைக் குடுத்து, எந்த ரயில் பிடிச்சா எத்தனை மணிக்கு போகலாம்னு யோசிக்க வெப்பாங்க, புத்தி விஷயத்துல இருக்கும்போது மொழி தானா உள்ள இறங்கும்ங்கறதுதான் அவரோட நம்பிக்கை. அதுல ஒரு வகை, ஒருத்தன்கிட்ட பாதி தகவல், இன்னொருத்தன்கிட்ட மீதி, கேட்டாத்தான் முழுசாகும். இந்த மாதிரி ஷீட் தயார் பண்ண அப்ப எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போயிடும், ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்து கையெல்லாம் மை. இப்ப "விருதுநகர்ல இருந்து மதுரை போற 6 பஸ்ஸுக்கு கற்பனையா டைம்டேபிள், ஷீட் ஏ-ல சில நேரம் காலியா, ஷீட் பி-ல வேற நேரம் காலியா"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல குடுக்குது. ஏஐ எனக்கு குடுத்த பெரிய உபகாரம் இதுதான்னு மனசார சொல்வேன், மிச்சமாகற நேரத்துல பிள்ளைங்க பக்கத்துல போய் உக்கார முடியுது.

படிக்கத் திணறற பிள்ளைக்கு ஒரே பாடத்தை மூணு அளவுல எளிமையாக்கி வாங்கலாம், அதுவும் நல்லா பண்ணும். ஆனா ஊர் விஷயம் கேக்காதீங்க. எங்க ஊர் ஏரி பத்தி 10 வரி கேட்டேன், ஒரு ராஜா பேரைப் போட்டு, அவர் வெட்டின வருஷத்தையும் போட்டு அவ்வளவு தைரியமா எழுதி குடுத்துச்சு, ரெண்டுமே பொய். உங்க பிள்ளைங்க நோட்டுல இல்லாத ஆறு ஓடினதும் இதே மாதிரிதான்.

மார்க் போட அதை நம்பாதீங்க. பிள்ளை கையெழுத்தை போட்டோ எடுத்து போட்டா, அது படிக்கும்போதே சில தப்பை தானா சரி பண்ணிப் படிச்சுடுது, அப்புறம் தப்பே இல்லங்குது. அப்புறம் பிள்ளை பேர், ஸ்கூல் பதிவுல இருக்கற எமிஸ் நம்பர், போட்டோ, வீட்டுக் கஷ்டம் எழுதின பாரா, இதெல்லாம் உள்ள போடவே கூடாது, பேரை மறைச்சுட்டு போடுங்க. சாட்ஜிபிடிக்கு 13 வயசு ஆகணும், 18க்குள்ள இருந்தா பெத்தவங்க அனுமதி வேணும்னு அவங்க விதியிலயே இருக்கு, நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துலயும் 18க்கு கீழ இருந்தா குழந்தைதான். அதனால பிள்ளைங்களை அக்கவுன்ட் ஓபன் பண்ணச் சொல்லாதீங்க, உங்க போன், உங்க லாகின், உங்க கண்ணு முன்னாடி.

கடைசியா நீங்க தூக்கம் வரலன்னு எழுதினதுக்கு. நானும் 12ஆம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம்தான்மா. வேலைக்கு சேந்த புதுசுல ஹேண்ட்பேக்ல சின்ன டிக்ஷனரி ஒண்ணு வெச்சிருப்பேன், கிளாஸுக்கு போறதுக்கு முன்னாடி பாத்ரூமுக்குள்ள நின்னு உச்சரிப்பு பாத்துட்டு போவேன், இங்கிலீஷ் டீச்சருக்கே இது தெரியாதான்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். பல வருஷம் கழிச்சு ஒரு நாள் கிளாஸ்ல ஒரு வார்த்தை வரல, டிக்ஷனரியை மேஜை மேல எடுத்து வெச்சு எல்லார் முன்னாடியும் பாத்தேன். அடுத்த வாரம் மூணு பிள்ளைங்க வீட்டுல இருந்து பழைய டிக்ஷனரி எடுத்துட்டு வந்துச்சு. நீங்க கொஸ்டின் பேப்பரை செக் பண்ணிக்கறது அதே டிக்ஷனரி மாதிரிதான், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா வரிசையை மட்டும் மாத்தாதீங்க, மொதல்ல நீங்க எழுதுங்க, அப்புறம் கேளுங்க, அது மாத்தினதுல எதை ஏத்துக்கறீங்க எதை ஏத்துக்கலன்னு ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுதி வைங்க. கேள்வியையே அதுகிட்ட எழுதி வாங்க ஆரம்பிச்சா உங்க இங்கிலீஷும் அந்த துருக்கி பிள்ளைங்க மாதிரி நிக்கும். முடிஞ்சா ஒரு நாள் கிளாஸ்லயே காட்டுங்க, "இது மிஸ் எழுதினது, மெஷின் இங்க மாத்தச் சொல்லுச்சு, இதை ஒத்துக்கிட்டேன், இதை ஒத்துக்கல, ஏன்னா"ன்னு. நீங்க ஒளிச்சு பண்ணா பிள்ளைங்களும் ஒளிச்சுத்தான் பண்ணும்.

அந்தப் பையன்கிட்ட மன்னிப்பு கேட்டதுக்கு அப்புறம் உடனே அவன் பேசிடுவான்னு எதிர்பாக்காதீங்க, ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம், அதுவரைக்கும் போர்டுக்கு கூப்பிட்டு கேள்வி கேக்காதீங்க. டெமோ கிளாஸ்க்கு நீங்க தயார் பண்ற பாராவை மட்டும் முந்தின நாள் அவன் கைல குடுத்து, "இந்த விடை லிஸ்ட் சரியான்னு எனக்கு கொஞ்சம் பாத்து சொல்றியாப்பா"ன்னு கேளுங்க. அவன் எழுதின அந்த 'மை வில்லேஜ்' பாராவை எனக்கும் அனுப்புங்க, பேரை மறைச்சுட்டு, அவன்கிட்ட கேட்டுட்டு. நான் படிச்சுட்டு ரெண்டு வரி கைப்பட எழுதி அனுப்பறேன், அதை அவன்கிட்ட குடுத்துடுங்க.